உட்சாலைப் பயணத்துக்குக் கிலோமீட்டர் கணக்கு போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மோட்டார் சைக்கிளில் நெடுந்தூரம் சென்று திரும்பியவர்களின் அனுபவக் கட்டுரைகளைப் பத்திரிகைகளின் பயணப் பக்கங்களில் விரும்பிப் படித்து வருகிறேன். ஓட்டிய வண்டி எது, கடந்த தூரம் எவ்வளவு, எடுத்துக்கொண்ட நாட்கள் எத்தனை என்ற மூன்று செய்திகளும் அவற்றில் தவறாமல் இடம்பெறுகின்றன. நெடுஞ்சாலையை விட்டு விலகி, மலைச்சரிவுகளையும் ஏரிக்கரைகளையும் ஒட்டிச் செல்லும் உட்சாலைகளில் இயற்கையைப் பார்ப்பதற்காகவே புறப்பட நினைக்கும் ஒருவருக்கு இந்த மூன்றும் பெரிதாக உதவுவதில்லை. அந்தச் சாலையில் ஒரு மணி நேரத்தில் உண்மையில் எவ்வளவு தூரம் போக முடியும், கடைசி பெட்ரோல் நிலையம் எங்கே இருக்கிறது, மழை பெய்தால் பாதை என்ன ஆகும், பொழுது எப்போது சாயும் என்பவையே அவருக்குத் தெரிய வேண்டியவை. உட்சாலைப் பயணத்தைக் கிலோமீட்டரை வைத்துத் திட்டமிடக் கூடாது, பகல் வெளிச்சத்தின் மணிக்கணக்கை வைத்துத்தான் திட்டமிட வேண்டும் என்பதை வலியுறுத்தவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

முதலில் வேகத்தின் கணக்கைப் பார்க்கலாம். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி ஒரு வினாடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் கடந்துவிடுகிறது. எதிரே ஒரு தடையைக் கண்டு, அதைப் புரிந்துகொண்டு, கை பிரேக்கை அழுத்தத் தொடங்குவதற்குள் ஒன்றரை வினாடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், அதற்குள்ளேயே 25 மீட்டர் போய்விடும். காய்ந்த, நல்ல தார்ச்சாலையில் நன்றாகப் பிரேக் பிடித்து நிறுத்த இன்னும் 23 மீட்டர் வேண்டும். ஆக மொத்தம் 48 மீட்டர். இரு வண்டிகள் எளிதில் விலக முடியாத ஒற்றைத்தடச் சாலையில், எதிரே வருபவருக்கும் அதே அளவு இடம் தேவைப்படும் என்பதால், கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் பாதிக்குள் நம்மால் நிற்க முடிய வேண்டும். அதாவது 60 கி.மீ. வேகத்தில் செல்ல ஏறக்குறைய 100 மீட்டர் சாலை தெளிவாகத் தெரிய வேண்டும். புதரும் பாறையும் மறைக்கும் வளைவுகளில் 50, 60 மீட்டருக்கு மேல் தெரிவது அரிது. அந்த அளவுக்குப் பொருத்தமான வேகம் மணிக்கு 40 கி.மீ. மட்டுமே. சரளைக்கல் சிதறிக் கிடக்கும் இடங்களில் டயரின் பிடிப்பு பாதியாகக் குறைந்துவிட்டால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் இருமடங்காகும். எனவே உட்சாலையில் மெதுவாகப் போவதற்கும் ஓட்டுபவரின் துணிச்சலுக்கும் தொடர்பில்லை. பார்வைக்கு எட்டும் தூரமே அந்த வேகத்தை நிர்ணயிக்கிறது. வண்டியின் திறன் எவ்வளவு கூடினாலும் வளைவுக்கு அப்பால் பார்க்கும் கண்ணை அது தந்துவிடாது.

இதிலிருந்து ஒரு நாளின் தூரம் தானாகவே வந்துவிடுகிறது. பகல் பன்னிரண்டு மணி நேரம் என்று கொள்வோம். நன்றாக விடிந்த பிறகு புறப்பட்டு, பொழுது சாய்வதற்கு ஒரு மணி நேரம் முன்பாகவே தங்குமிடம் சேர்ந்துவிட வேண்டும் என்றால் கையில் இருப்பது பத்து மணி நேரம். சாப்பாடு, ஓய்வு, பெட்ரோல் ஆகியவற்றுக்கு இரண்டு மணி நேரத்தை ஒதுக்க வேண்டும். நின்று பார்ப்பதற்கும் படம் எடுப்பதற்கும் ஒன்றரை மணி நேரமாவது வேண்டும், பார்ப்பதற்காகத்தானே போகிறோம். பஞ்சர், வழி தவறுதல், சாலையை மறித்துக் கிடக்கும் மரம் என எதிர்பாராதவற்றுக்கு ஒரு மணி நேரத்தைத் தொடாமல் வைக்க வேண்டும். எஞ்சும் ஐந்தரை மணி நேரத்தில், சராசரி 40 கி.மீ. வேகத்தில் 220 கி.மீ. போகலாம். கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த மலைப்பாதையில் சராசரி 25 அல்லது 30 கி.மீ.க்கு இறங்கிவிடும் என்பதால் 140 முதல் 165 கி.மீ. வரையே சரியான அளவு. ஒரு நாளைக்கு 400 கி.மீ. என்று வகுக்கப்பட்ட திட்டங்களைப் பார்க்கும்போது, அவை எந்த நேரத்தைத் திருடி அந்தத் தூரத்தை எட்டப்போகின்றன என்று எனக்குக் கவலையாக இருக்கிறது. பெரும்பாலும் திருடப்படுவது ஓய்வு நேரமும் அந்திப்பொழுதும்தான்.

மெதுவாகப் போவது பயணத்தின் பெருமையைக் குறைத்துவிடும் என்று நினைப்பவர்கள் அகஸ்டா, அடலின் வான் பியூரன் என்ற சகோதரிகளை நினைத்துப் பார்க்கலாம். 1916ஆம் ஆண்டு ஜூலைத் தொடக்கத்தில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியிலிருந்து ஆளுக்கு ஓர் இந்தியன் மோட்டார் சைக்கிளில் புறப்பட்ட அவர்கள், அமெரிக்காவைக் குறுக்காகக் கடந்து செப்டம்பரில் பசிபிக் கரையை அடைந்தார்கள். கடந்த தூரம் சுமார் 8,800 கி.மீ.; எடுத்துக்கொண்ட காலம் ஏறத்தாழ இரண்டு மாதம். ஒரு நாளுக்குச் சராசரியாக 150 கி.மீ. அளவுக்குத்தான் வருகிறது. வழியில் 4,300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் பீக் சிகரத்தின் உச்சி வரை ஏறினார்கள். மேற்குப் பகுதியின் பெரும்பாலான பாதைகள் அப்போது மண்ணும் சேறுமாகக் கிடந்தவை. ஒரு நூற்றாண்டுக்குப் பிறகும் அந்தப் பயணம் மதிப்போடு பேசப்படுகிறது. அவர்களுடைய நாளொன்றின் சராசரித் தூரத்தை யாரும் குறையாகச் சொல்லிக் கேட்டதில்லை.

சாலை நன்றாக இருந்தால் இந்தக் கணக்கு மாறாதா என்று கேட்கலாம். ஓரளவு மாறும், நாம் எண்ணும் அளவுக்கு மாறாது. இயற்கைக் காட்சிகளைக் காண்பதற்கென்றே அமைக்கப்பட்ட சாலைகளுள் முதன்மையானது அமெரிக்காவின் புளூ ரிட்ஜ் பார்க்வே. 1935இல் கட்டத் தொடங்கி 1987இல்தான் அதை முழுமையாக முடித்தார்கள். 755 கி.மீ. நீளமுள்ள அந்தச் சாலையில் சரக்கு லாரிகளுக்கு அனுமதி கிடையாது, தளமும் செம்மையானது. அங்கும் அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச வேகம் மணிக்கு சுமார் 72 கி.மீ. மட்டுமே, பல இடங்களில் அதற்கும் குறைவு. காட்சியும் வேகமும் ஒன்றாகப் போகாது என்பதை அந்தச் சாலையை வடிவமைத்தவர்களே விதியாக எழுதி வைத்திருக்கிறார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

அடுத்து, வரைபடத்தோடு செலவிட வேண்டிய நேரம். உட்சாலைப் பயணத்தின் தரத்தை நிர்ணயிப்பது இதுதான் என்பது என் உறுதியான கருத்து. கைபேசிச் செயலிகள் எப்போதும் விரைவான வழியையே முதலில் காட்டும். அவை தரும் நேரக்கணக்கும் பெரும்பாலும் கார் ஓட்டத்தை அடிப்படையாகக் கொண்டது. ஆகவே செயலியிடம் வழி கேட்பதற்கு முன்னால், பெரிய தாளில் அச்சிட்ட வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு நிலத்தின் அமைப்பைப் படிக்க வேண்டும். ஒன்றுக்கு 50,000 என்ற அளவில் வரைந்த நிலவியல்பு வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் 500 மீட்டர். அதில் ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடுகள் நெருங்கியிருக்கும் இடம் செங்குத்தான சரிவு, விலகியிருக்கும் இடம் சமவெளி அல்லது மேட்டுநிலம். ஒரு சாலை அந்தக் கோடுகளுக்கு இணையாகவே வளைந்து வளைந்து சென்றால், அது மலையின் இடுப்பைச் சுற்றி அதிக ஏற்ற இறக்கமில்லாமல் போகிறது. பள்ளத்தாக்கு நெடுகக் கண்ணில் படும். கோடுகளை ஒன்றன்பின் ஒன்றாக வெட்டிச் சென்றால் ஏற்றம் கடுமையாக இருக்கும். ஆற்றை ஒட்டிய சாலை, மழைநீரை இருபுறமும் பிரித்துவிடும் நீர்பிரி முகட்டின் மேல் ஓடும் சாலை, கணவாயைக் கடக்கும் சாலை ஆகிய மூன்றுக்கும் காட்சியும் வேறு, காற்றும் வேறு, ஆபத்தும் வேறு. இவற்றை வீட்டில் உட்கார்ந்து பிரித்தறிய முடிவதே வரைபடம் தரும் பெரிய இன்பம். மிஷ்லின் நிறுவனத்தின் சாலை வரைபடங்கள் இயற்கை எழில் மிக்க சாலைகளின் ஓரத்தில் பச்சைக் கோடு இட்டுக் காட்டும். இத்தகைய உதவி கிடைக்காத நிலப்பகுதிகளில் சமஉயரக் கோடுகளே நமக்குப் பச்சைக் கோடு.

அதன் பிறகு செயலிகளுக்கு வரலாம். 2004இல் பிரிட்டனில் தொடங்கி, உலகெங்கும் தன்னார்வலர்களால் உருவாக்கப்பட்டுவரும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் உட்சாலைகளுக்கு மிகவும் பயன்படுவது. பல இடங்களில் சாலையின் தளம் தாரா, சரளையா, மண்ணா என்ற குறிப்பும் அதில் உண்டு. கைபேசிச் சமிக்ஞை இல்லாத இடங்களுக்கென அந்தப் பகுதியின் வரைபடம் முழுவதையும் முன்கூட்டியே பதிவிறக்கி வைத்துக்கொள்ளலாம். ஆனால் குறிப்பைப் பதிந்தவர் எந்த ஆண்டில் அங்கே போனார் என்பதைப் பொறுத்தே அதன் நம்பகம் அமையும். எனவே ஐயத்துக்குரிய ஒவ்வொரு பகுதியையும் செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்; குறிப்பாக ஆறுகளைக் கடக்கும் இடங்களில் பாலம் இருக்கிறதா, தரைப்பாலம்தானா, வெறும் ஆற்றுப்படுகையா என்று கவனிக்க வேண்டும். இன்னொரு நுட்பமும் இருக்கிறது. திட்டமிட்ட வழியை, வழிகாட்டும் கருவிகள் படிக்கக்கூடிய ஜிபிஎக்ஸ் என்ற வகைக் கோப்பாகச் சேமிக்கும்போது அதை ‘ரூட்’ ஆகச் சேமித்தால், சில இடக்குறிகளை மட்டும் வைத்துக்கொண்டு கருவி தன் விருப்பப்படி வழியை மறுபடியும் கணக்கிட்டு நம்மை நெடுஞ்சாலைக்கே இழுத்துச் செல்லக்கூடும். ‘டிராக்’ ஆகச் சேமித்தால் நாம் வரைந்த கோடு அப்படியே இருக்கும். பல நாள் உழைத்துத் தேர்ந்தெடுத்த சாலைகள் புறப்பட்ட முதல் மணி நேரத்திலேயே காணாமற்போவதற்கு இந்தச் சிறு வேறுபாடே காரணமாகிவிடுகிறது.

எந்தச் சாலை என்பதைப் போலவே, அதில் எந்தத் திசையில் போகிறோம் என்பதும் முக்கியமானது. இதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். மாலையில் மேற்கு நோக்கி ஓட்டினால் தாழ்ந்த சூரியன் நேராகக் கண்ணில் அடிக்கும். சாலையில் உள்ள பள்ளம் தெரியாது, காட்சியும் வெறும் நிழலுருவமாகத் தெரியும். காலையில் மேற்கும் மாலையில் கிழக்குமாக வழியை அமைத்தால் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருந்து எதிரே உள்ள மலைகளுக்கு ஒளியூட்டும். அதேபோல, வாகனங்கள் இடப்புறமாகச் செல்லும் நாட்டில் கடலோ ஏரியோ பள்ளத்தாக்கோ நமக்கு இடப்பக்கம் அமையும்படி திசையைத் தேர்ந்தெடுத்தால், காட்சிக்கும் நமக்கும் இடையே எதிர்வரும் வாகனங்கள் இருக்காது. ஒதுங்கி நிற்பதற்குச் சாலையைக் குறுக்கே கடக்கவும் வேண்டியதில்லை. ஒரு தீவைச் சுற்றுவதானால் அங்கே கடிகாரம் சுற்றும் திசையில் போக வேண்டும், ஏரியைச் சுற்றுவதானால் அதற்கு எதிர்த்திசையில். வலப்புறமாகச் செல்லும் நாடுகளில் இவை தலைகீழாகும். கலிபோர்னியாவின் கடலோர முதலாம் எண் சாலையை வடக்கிலிருந்து தெற்காக ஓட்டுவதே சிறந்தது என்று கூறப்படுவதன் காரணமும் இதுவே. பள்ளத்தாக்கின் விளிம்போரம் போகும்போது தடுப்புச்சுவர் இல்லாத இடங்களில் அச்சம் கூடும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த அச்சம் உள்ளவர்கள் மலையை ஒட்டிய பக்கம் அமையும்படி திசையை மாற்றிக்கொள்வதில் தவறே இல்லை.

பருவம் பார்க்காமல் தேதி குறிப்பது இன்னொரு குறை. இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாய் 2,757 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; வடகிழக்குப் பக்கத்தில் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள். உலகெங்கிலுமிருந்து மோட்டார் சைக்கிள் ஓட்டிகள் தேடிச் செல்லும் அந்தச் சாலை குளிர்காலம் முழுதும் மூடிக் கிடக்கும். 2,042 மீட்டர் உயரத்துக்கு ஏறும் ருமேனியாவின் டிரான்ஸ்ஃபகராஷான் சாலையும் பனிக்காலத்தில் மாதக்கணக்கில் அடைபட்டிருக்கும். சாலை திறந்திருந்தாலும் ஒரு நாளுக்குள்ளேயே நல்ல நேரமும் தீய நேரமும் உண்டு. உயர்ந்த மலைகளில் காலை வெயிலில் சூடேறிய காற்று மேலெழுந்து பிற்பகலில் இடிமழையாக மாறுவது வழக்கம் என்பதால், கணவாயை நண்பகலுக்கு முன்பே கடந்துவிட வேண்டும். பனியாற்று நீர் பாயும் ஓடைகளில் பகல் வெப்பத்தால் உருகிய நீர் மாலையில்தான் பெருகி வரும். காலையில் கணுக்கால் அளவு ஓடிய ஓடை மாலையில் என்ஜினைத் தொடும் அளவுக்கு உயரலாம். குளிரையும் முன்னதாகவே கணக்கிடலாம். ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் ஏற்றத்துக்கும் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். அடிவாரத்தில் 26 டிகிரி இருந்தால் 2,500 மீட்டர் மேலே 10 டிகிரிக்கு அருகில் இருக்கும். அதில் 60 கி.மீ. வேகத்தில் ஓட்டும்போது வெற்றுத்தோல் உணர்வது 5 டிகிரி அளவு குளிர். விறைத்த விரல்களால் கிளட்சையும் பிரேக்கையும் அளவாக இயக்க முடியாது என்பதால், கையுறை உட்பட குளிருடை பையின் அடியில் கிடக்கக் கூடாது. ஏற்றம் தொடங்கும் முன்பே அதை அணிந்துகொள்ள வேண்டும்.

பெட்ரோல் கணக்கும் இப்படியே. 13 லிட்டர் கொள்ளளவும், லிட்டருக்கு 35 கி.மீ. ஓடும் திறனும் உள்ள வண்டி தாளில் 455 கி.மீ. ஓடும். மூட்டைகளோடு தாழ்ந்த கியரில் மலையேறும்போது அந்தத் திறன் கால் பங்கு குறைந்துவிட்டால் 340 கி.மீ.தான் மிஞ்சும். அதில் கால் பங்கை அவசரத்துக்கென ஒதுக்கினால், இரு பெட்ரோல் நிலையங்களுக்கு இடையே நாம் நம்பக்கூடிய தூரம் 250 கி.மீ. மட்டுமே. உட்சாலைகளில் வரைபடத்தில் உள்ள பெட்ரோல் நிலையம் அன்று திறந்திருக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. ஆகவே டேங்க் பாதியானதும் அடுத்து வரும் நிலையத்தில் நிரப்பிக்கொள்வதே பாதுகாப்பானது.

வண்டியைப் பற்றி நிறையவே எழுதப்படுகிறது என்பதால் நான் இரண்டை மட்டும் சொல்கிறேன். கனமான பொருட்கள் தாழ்வாகவும் வண்டியின் நடுப்பகுதிக்கு நெருக்கமாகவும் இருக்க வேண்டும். பின் அச்சுக்கு அப்பால் உயரத்தில் கட்டப்படும் பெட்டியில் கனத்தை ஏற்றினால் முன் சக்கரத்தின் மீதான அழுத்தம் குறைந்து, வளைவுகளில் திசைமாற்றும் பிடி தளர்ந்துபோகும். சுமை கூடியதற்கேற்ப டயரின் காற்றழுத்தத்தையும் பின்புற ஸ்பிரிங்கின் இறுக்கத்தையும் தயாரிப்பாளர் கையேட்டில் சொன்னபடி மாற்றிக்கொள்ள வேண்டும். காற்றழுத்தத்தைப் பார்ப்பது ஓட்டத் தொடங்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது. இரண்டாவது, இறக்கம். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் பிரேக் திரவம் கொதிக்கும் அளவுக்குச் சூடேறலாம். பரவலாகப் பயன்படும் டாட் 4 வகைத் திரவத்தின் கொதிநிலைக்கான குறைந்தபட்ச அளவு புதிதாக இருக்கும்போது 230 டிகிரி. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிய பிறகு அது 155 டிகிரி வரை இறங்கிவிடக்கூடும். ஆண்டுக்கணக்கில் மாற்றாத திரவத்தோடு மலையிறங்குவது எவ்வளவு ஆபத்தானது என்பதை இந்த இரண்டு எண்களே காட்டும். புறப்படும் முன் திரவத்தை மாற்றிவிட்டு, இறக்கத்தில் தாழ்ந்த கியரில் என்ஜினின் இழுவையைக் கொண்டே வேகத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்குவது என்ற பழைய விதி இன்றும் செல்லுபடியாகும். வண்டிகள் எத்தனையோ மாறிவிட்டன, புவியீர்ப்பு மாறவில்லை.

மாற்றுவழி இல்லாத திட்டத்தைத் திட்டம் என்றே சொல்ல முடியாது. மேலே சொன்ன கலிபோர்னியக் கடலோரச் சாலையில் 2017 மே மாதம் மட் கிரீக் என்ற இடத்தில் மலைச்சரிவு ஒன்று சாலையையே கடலுக்குள் தள்ளியது. மீண்டும் திறக்க 2018 ஜூலை ஆயிற்று. வசதி மிகுந்த ஒரு நாட்டின் புகழ்பெற்ற சாலைக்கே இந்த நிலை என்றால், பெயர் தெரியாத உட்சாலைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. ஒவ்வொரு நாள் வழியிலும், நெடுஞ்சாலைக்கோ பெரிய ஊருக்கோ இறங்கிவிடக்கூடிய இரண்டு விலகுவழிகளை முன்பே குறித்து வைத்திருக்க வேண்டும். ‘இந்தச் சந்திப்பை இத்தனை மணிக்குள் அடையாவிட்டால் மேலே ஏறுவதில்லை’ என்ற நேர வரம்பையும் முந்தின இரவே எழுதி வைத்துவிட வேண்டும். களைப்பும் ஆசையும் சேர்ந்திருக்கும் மாலை நான்கு மணிக்கு எடுக்கப்படும் முடிவைவிட, ஓய்வாக அமர்ந்து எடுத்த முடிவு நம்பத்தகுந்தது. அந்தி சாய்ந்த பிறகு தாழ்விளக்கின் ஒளி எட்டும் தூரம், மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் நிறுத்தத் தேவையான 48 மீட்டரை ஒட்டியே இருக்கும். மேய்ச்சல் முடிந்து திரும்பும் கால்நடைகளும் காட்டு விலங்குகளும் சாலையைக் கடப்பது அந்த வேளையில்தான். அன்றாட வழியையும் தங்குமிடத்தையும் வீட்டில் ஒருவரிடம் எழுத்தில் கொடுத்து, எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் அவர் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்லி வைத்திருப்பது தனியாகச் செல்பவர்களுக்கு மிக அவசியம். நாலைந்து நாட்களுக்கு ஒரு முறை வண்டியைத் தொடாத ஒரு நாளும் வேண்டும். களைப்பு நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போகும் என்பதை ஓட்டுபவர் தானாக உணர்வதில்லை. எல்லை தாண்டிச் செல்பவர்கள், பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின்படி பெறுவதா, 1968ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின்படி பெறுவதா என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும் என்பதைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

உட்சாலை என்பது அங்கே வாழ்பவர்களின் அன்றாட வழி என்பதும் திட்டத்தில் இடம்பெற வேண்டும். பிள்ளைகள் பள்ளிக்கு நடந்து செல்வதும், ஆடுமாடுகள் ஓட்டிச் செல்லப்படுவதும், அறுவடை நாட்களில் வண்டிகள் நிற்பதும் அந்தச் சாலையில்தான். அந்த அமைதியை நாடிச் செல்லும் நாமே அதைக் கெடுத்துவிட்டால், அடுத்து வருபவர்களுக்குச் சாலை மூடப்படும். ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலத்தில் ராய்ட்டே மாவட்டத்தின் சில மலைச்சாலைகளில், நின்ற நிலையில் 95 டெசிபலுக்கு மேல் ஒலி எழுப்பும் மோட்டார் சைக்கிள்களுக்கு 2020 முதல் கோடைக்காலத்தில் தடை விதிக்கப்பட்டது. ஒலியைக் கூட்டுவதற்காகப் புகைபோக்கியை மாற்றிக்கொள்ளும் பழக்கம் எங்கெல்லாம் பரவுகிறதோ அங்கெல்லாம் இத்தகைய தடைகள் வரும் என்று அஞ்சுகிறேன். அந்த ஊர்மக்களின் பக்கம் நியாயம் இருக்கிறது என்றும் கருதுகிறேன். ஊருக்குள் நுழையும்போது வேகத்தைக் குறைப்பது, புழுதி பறக்காமல் செல்வது, வயலுக்குச் செல்லும் வழியை மறித்து நிறுத்தாமல் இருப்பது ஆகியவற்றுக்கு எந்தச் செலவும் இல்லை. அதற்கு நேரம் மட்டுமே வேண்டும். நேரமோ, 400 கி.மீ. ஓடியாக வேண்டும் என்று புறப்பட்டவரிடம் இருப்பதில்லை.

தங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். மோட்டார் சைக்கிள் பயணக் கட்டுரை ஒவ்வொன்றையும் வெளியிடும்போது, அதனுடன் ஒரு சிறு கட்டத்தில் சில விவரங்களைச் சேர்த்து அச்சிடும்படி எழுதுபவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் ஓட்டிய பகுதியின் தளம் என்ன, உண்மையில் கிடைத்த சராசரி வேகம் எவ்வளவு, எந்த மாதத்தில் சென்றார், பெட்ரோல் நிலையங்களுக்கு இடையே இருந்த மிக நீண்ட தூரம் எவ்வளவு, எந்த இடத்தில் திரும்பிவிடும் வழி இருந்தது ஆகிய ஐந்தும் இருந்தால் போதும். அவற்றோடு, எந்த நாளில் எதை விட்டுவிட்டுத் திரும்ப நேர்ந்தது என்பதையும் எழுதத் தயங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். கணவாயின் அடியில் மழைமேகத்தைக் கண்டு திரும்பியவரின் கட்டுரை, உச்சியில் நின்று படம் எடுத்துக்கொண்டவரின் கட்டுரைக்குச் சமமான இடத்தைப் பெற்றால், முதன்முறையாகப் புறப்படும் இளைஞர்களுக்கு அது பெரும் துணையாக இருக்கும். பயணப் பக்கத்தில் இதற்குத் தேவைப்படுவது பத்து வரி இடம்தான்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகரும் உட்சாலைப் பயணியுமான ஒருவர்